கூட்டணி ஆட்சியும் கூட்டுக் கிணறும்

ஒரே கிணற்றில் மூன்று, நான்கு பங்காளிகள் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பது நம் கிராமங்களில் பழைய வழக்கம். யாருக்கு எந்த நாள் முறை, மோட்டார் பழுதானால் யார் எவ்வளவு கொடுப்பது, தூர் வாரும் செலவை எப்படிப் பகிர்வது என்பதெல்லாம் பாகப் பத்திரத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் கிணறு பல காலம் உதவும். வெறும் வாய்ச்சொல்லாக விட்டுவிட்டால், தண்ணீர் நிறைய இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. சித்திரை வெயிலில் நீர் கீழே போனதும் தகராறு தொடங்கும். பயிர் வாடும். 'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?' என்ற பழமொழி இப்படிப்பட்ட அனுபவத்தில் பிறந்ததே.

டெல்லியில் அமையும் கூட்டணி ஆட்சியும் ஒரு கூட்டுக் கிணறு போன்றதுதான். மக்களவையில் மொத்த இடங்கள் 543. ஆட்சி அமைக்க 272 உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும். தனி ஒரு கட்சிக்கு இந்த எண்ணிக்கை கிடைக்காதபோது பல கட்சிகள் சேர்ந்து ஆட்சி நடத்துகின்றன. அந்தப் பங்காளிகள் தங்களுக்குள் எதை எழுதி வைத்துக் கொள்கிறார்கள் என்பது சிறு விவசாயியின் கடனையும், கூலியையும், விளைபொருளின் விலையையும் தொடுகிறது. 2004ஆம் ஆண்டுத் தேர்தலும், அதையடுத்து அமைந்த ஆட்சியும் இதை நன்கு விளக்குகின்றன.

வறட்சிக்குப் பின் வந்த தேர்தல்

2002ஆம் ஆண்டில் நாடு முழுவதும் தென்மேற்குப் பருவமழை இயல்பை விட 19 சதவீதம் குறைந்தது. முந்தைய ஆண்டில் சுமார் 21.3 கோடி டன்னாக இருந்த உணவு தானிய உற்பத்தி 17.5 கோடி டன்னாக வீழ்ந்தது. தமிழ்நாட்டில் 2002, 2003 ஆகிய இரு ஆண்டுகளிலும் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ஆம் நாளில் திறக்கப்படவில்லை. டெல்டாவில் குறுவை பொய்த்தது.

2003இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, நாட்டின் விவசாயக் குடும்பங்களில் 100க்கு 48 அல்லது 49 கடன்பட்டிருந்ததைக் காட்டியது. ஆந்திரத்தில் இது 82. தமிழ்நாட்டில் 74க்கும் மேல். அதாவது நம் மாநிலத்தில் நான்கு விவசாயக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்று கடனில் இருந்தன. இந்தக் கடனில் பெரும் பங்கு வங்கியில் வாங்கியது அல்ல. வட்டிக்கடைக்காரர், வியாபாரி, தெரிந்தவர், உறவினர் ஆகியோரிடம் வாங்கியதும் இதில் அடக்கம்.

இந்த நிலையில்தான், அக்டோபர் வரை காலக்கெடு இருந்தும் தேர்தல் முன்கூட்டியே நடத்தப்பட்டது. 'இந்தியா ஒளிர்கிறது' என்ற விளம்பரம் நாடெங்கும் ஓடியது. 2004 ஏப்ரல் 20 முதல் மே 10 வரை நான்கு கட்டங்களாக வாக்குப்பதிவு நடந்தது. மே 13 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன. காங்கிரசுக்கு 145 இடங்கள், பாரதிய ஜனதாவுக்கு 138 இடங்கள் கிடைத்தன. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் தி.மு.க., காங்கிரஸ், பா.ம.க., ம.தி.மு.க., இரு கம்யூனிஸ்ட் கட்சிகள் சேர்ந்த அணி வென்றது. ஒரு தேர்தல் முடிவுக்குப் பல காரணங்கள் இருக்கும். ஆனால் ஒளிர்வதாகச் சொல்லப்பட்ட நாட்டில் கிராமத்து விளக்கு மங்கியிருந்தது என்பதை எல்லாக் கட்சிகளும் அந்த மே மாதத்தில் உணர்ந்தன.

பங்காளியும் வாய்க்கால்காரரும்

145 இடங்களை வைத்துக்கொண்டு ஆட்சி அமைக்க முடியாது. தோழமைக் கட்சிகளைச் சேர்த்தாலும் 220க்குச் சற்றுக் குறைவாகவே வந்தது. மீதியை நிரப்பியவை 59 உறுப்பினர்களைக் கொண்ட நான்கு இடதுசாரிக் கட்சிகள். அவை அமைச்சரவையில் சேரவில்லை. 'வெளியிலிருந்து ஆதரவு' என்று அறிவித்தன.

இதையும் கிணற்றை வைத்தே புரிந்து கொள்ளலாம். அமைச்சரவையில் சேர்ந்த கட்சிகள் கிணற்றில் பங்குள்ளவர்கள். வெளியிலிருந்து ஆதரவு தருபவர் கிணற்றில் பங்கு இல்லாதவர். ஆனால் தண்ணீர் போகும் வாய்க்கால் அவர் வயல் வழியாகத்தான் செல்கிறது. அவர் மடையை அடைத்தால் பங்குள்ளவருக்கும் தண்ணீர் இல்லை. ஆகவே அவர் சொல்லுக்கும் மதிப்பு உண்டு.

ஆதரவுக் கடிதங்கள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமிடம் கொடுக்கப்பட்டன. காங்கிரஸ் தலைவர் சோனியா காந்தி பிரதமர் பதவியை ஏற்க மறுத்ததால், மன்மோகன் சிங் மே 22 அன்று பிரதமராகப் பதவி ஏற்றார்.

அமைச்சகங்கள் யார் கைக்குப் போயின என்பதை விவசாயிகள் கவனிக்க வேண்டும். வேளாண் துறை, 9 உறுப்பினர்களைக் கொண்ட தேசியவாத காங்கிரசின் தலைவர் சரத் பவாரிடம் சென்றது. ஊரக வளர்ச்சித் துறை, 24 உறுப்பினர்களைக் கொண்ட ராஷ்ட்ரீய ஜனதா தளத்தைச் சேர்ந்த ரகுவன்ஷ் பிரசாத் சிங்கிடம் சென்றது. கிராமத்தைத் தொடும் இரண்டு பெரிய துறைகளும் பெரிய கட்சியின் கையில் இல்லை, பங்காளிகளின் கையில் இருந்தன. கூட்டணி ஆட்சியில் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அறிய இது உதவும்.

எழுதி வைத்த திட்டம்

2004 மே 27 அன்று 'தேசிய குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம்' வெளியிடப்பட்டது. கூட்டணிக் கட்சிகள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டு எழுதிய ஆவணம் இது. இடதுசாரிகளுடனும் கலந்து பேசி இறுதி செய்யப்பட்டது. இதற்கு முன் 1996இல் அமைந்த ஐக்கிய முன்னணி ஆட்சியிலும் இத்தகைய பொதுத் திட்டம் எழுதப்பட்டதுண்டு.

தேர்தல் அறிக்கை வேறு, இந்தத் திட்டம் வேறு. தேர்தல் அறிக்கை ஒரு கட்சி வாக்காளரிடம் சொல்வது. பொதுத் திட்டமோ, ஆட்சி நிலைக்க வேண்டுமானால் பங்காளிகள் ஒருவருக்கொருவர் காப்பாற்ற வேண்டிய சொல். ஒருவர் தவறினால் மற்றவர் எடுத்துக் காட்டிக் கேட்கலாம்.

அந்தத் திட்டத்தில் சிறு விவசாயிக்கு உரிய வரிகள் பல இருந்தன. அவற்றுள் முக்கியமானவை நான்கு.

முதலாவது, ஊரகக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 100 நாள் வேலைக்குச் சட்டப்படி உத்தரவாதம். இரண்டாவது, ஊரகக் கடன் வழங்கலை மூன்று ஆண்டுகளில் இரட்டிப்பாக்குவது. மூன்றாவது, கடன் சுமையையும் விவசாயக் கடன் வட்டியையும் குறைக்க உடனடி நடவடிக்கை எடுப்பதும் கூட்டுறவுக் கடன் அமைப்பைச் சீராக்குவதும். நான்காவது, எல்லா விவசாயிகளுக்கும் நியாயமான, கட்டுபடியாகும் விலை.

இந்த நான்கும் ஒரே தாளில் எழுதப்பட்டவை. ஆனால் நான்கும் ஒரே மாதிரி விளையவில்லை. ஏன் என்பதில்தான் பாடம் இருக்கிறது.

அளவும் காலமும் உள்ள வாக்குறுதி

100 நாள் வேலை என்பதில் அளவு இருந்தது. சட்டம் இயற்றுவோம் என்ற வழியும் இருந்தது. 2004 டிசம்பரில் மசோதா மக்களவைக்கு வந்தபோது அது பொதுத் திட்டத்தில் சொன்னதை விடச் சுருங்கியிருந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்றும், நாடு முழுவதும் விரிவாக்கக் காலக்கெடு இல்லை என்றும் குறைகள் சுட்டிக் காட்டப்பட்டன. எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு இடதுசாரிக் கட்சிகளும் மக்கள் அமைப்புகளும் கேட்டன. மசோதா திருத்தப்பட்டது. வேலை கேட்கும் எந்த ஊரகக் குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்றும், ஐந்து ஆண்டுகளுக்குள் நாடு முழுவதும் விரிவாக்கப்படும் என்றும் மாற்றப்பட்டு, 2005 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

2006 பிப்ரவரி 2 அன்று ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் திட்டம் தொடங்கியது. முதல் கட்டமாக எடுக்கப்பட்ட 200 மாவட்டங்களில் தமிழ்நாட்டின் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறும் இடம் பெற்றன. 2008 ஏப்ரல் முதல் நாட்டின் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் விரிந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் ஆண்டில் வேலை பெற்ற குடும்பங்களுக்குச் சராசரியாகக் கிடைத்தது 43 நாட்கள்தான். நடவு, களையெடுப்புக் காலங்களில் ஆள் கிடைப்பதில்லை என்று விவசாயிகள் வருந்தினார்கள். அதே சமயம், ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்துக்கொண்டு மற்ற நாளில் கூலிக்குப் போகும் குறு விவசாயக் குடும்பங்களுக்குக் கோடையில் கைச்செலவுக்கு அந்தக் கூலி உதவியது. அதைக் கொண்டு தூர் வாரிய வரத்துக் கால்களும் ஊரணிகளும் பல ஊர்களில் பயன் தந்தன. இரு பக்கமும் உண்மையே. ஆனால் '100' என்ற எண் தாளில் இருந்ததால்தான் '43 மட்டுமே வந்தது' என்று குறை கூறவும் முடிந்தது. அளவு சொல்லாத இடத்தில் குறையை எப்படி அளப்பது?

கடன் இரட்டிப்பும் அப்படியே. 2003–04இல் நாடு முழுவதும் வழங்கப்பட்ட விவசாயக் கடன் சுமார் 87,000 கோடி ரூபாய். 2005–06இல் அது 1,80,000 கோடி ரூபாயைத் தாண்டியது. மூன்று ஆண்டு என்று சொன்னது இரண்டே ஆண்டில் முடிந்தது. எண்ணும் காலமும் எழுதப்பட்டிருந்ததால் வங்கிகளுக்கு இலக்கு வைக்க முடிந்தது.

'உடனடி' என்ற சொல்

கடன் சுமையைக் குறைப்பதில் 'உடனடி' என்ற சொல் இருந்தது, ஆனால் எவ்வளவு, எப்போது என்பது இல்லை. 2004 ஜூனில், பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்குத் தவணை மாற்றம் போன்ற சலுகைகள் அறிவிக்கப்பட்டன. 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க் கடனுக்கு 7 சதவீத வட்டி 2006–07 பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. கூட்டுறவுக் கடன் அமைப்பை ஆராயப் பொருளியல் அறிஞர் அ. வைத்தியநாதன் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, அதன் பரிந்துரைப்படி தொடக்கச் சங்கங்களைச் சீரமைக்கும் திட்டத்துக்கு 2006இல் ஒப்புதல் தரப்பட்டது. கடன் தள்ளுபடியோ 2008 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில், அடுத்த தேர்தலுக்கு ஓராண்டு முன்னர் வந்தது.

அளவு சொல்லாத வாக்குறுதி

'நியாயமான, கட்டுபடியாகும் விலை' என்ற வரியில் எண் ஏதும் இல்லை. கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004 நவம்பரில் அமைந்த தேசிய விவசாயிகள் ஆணையம் அந்த எண்ணைத் தந்தது. சராசரி உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் கூடுதலாக ஆதரவு விலை இருக்க வேண்டும் என்று 2006இல் பரிந்துரைத்தது. ஆனால் 2007இல் வெளியான தேசிய விவசாயிகள் கொள்கையில் அந்த எண் சேர்க்கப்படவில்லை.

சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டால் ஆதரவு விலை 2004–05இல் 560 ரூபாய். அடுத்த ஆண்டில் 570. கூடியது 10 ரூபாய்தான். 2008–09இல்தான் அது 850 ரூபாய்க்கு உயர்ந்து, அதன்மேல் 50 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. விலை ஏறவில்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் முதல் சில ஆண்டுகளில் 'எழுதியபடி கொடுங்கள்' என்று கேட்க விவசாயியிடம் அளவுகோல் இல்லை. நியாயம் என்ற சொல்லை ஒவ்வொருவரும் தத்தம் படியால் அளந்தார்கள்.

கையில் தாள் இல்லாதவர்

இன்னொரு பாடமும் உண்டு. இது டெல்லியைப் பற்றியது அல்ல, நம் வீட்டுப் பெட்டியைப் பற்றியது.

2008 தள்ளுபடித் திட்டம் 5 ஏக்கர் வரை, அதாவது 2 எக்டேர் வரை சாகுபடி செய்வோருக்கு நிலுவைக் கடனை முழுவதும் தள்ளியது. அதற்கு மேல் உள்ளவர்கள் மீதியைக் கட்டினால் 25 சதவீதம் கழிவு பெற்றார்கள். ஆனால் இது வங்கியிலும் கூட்டுறவிலும் 2007 மார்ச் 31க்குள் வாங்கி, அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் தவணை கடந்திருந்த கடனுக்கு மட்டுமே பொருந்தியது. தண்டல்காரரிடம் வாங்கியவருக்கு ஒரு பைசாவும் குறையவில்லை. உரிய நாளில் வங்கிக் கடனைக் கட்டி முடித்திருந்த நாணயமான விவசாயிக்கும் பயன் இல்லை.

எல்லாரையும் விடப் பின்தங்கியவர் வாய்மொழிக் குத்தகைக்குப் பயிரிட்டவர். 2 ஏக்கர் நிலத்தைப் பல ஆண்டுகளாக அவர் உழுதிருப்பார். உரமும் விதையும் அவர் செலவு. வெள்ளம் வந்தால் இழப்பும் அவருடையது. ஆனால் சிட்டாவில் நில உடைமையாளர் பெயர், அடங்கலிலும் அவர் பெயர். ஆகவே இரட்டிப்பான வங்கிக் கடனில் குத்தகைதாரருக்குப் பங்கு கிடைக்கவில்லை. கடன் இல்லாததால் தள்ளுபடியும் இல்லை. நபார்டு வங்கியின் வழிகாட்டுதலில் குத்தகைதாரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து கடன் பெறும் கூட்டுப் பொறுப்புக் குழு முறை அந்த ஆண்டுகளில் தொடங்கியது இதற்காகத்தான். டெல்லியில் எழுதியது ஊருக்கு வந்து சேர வேண்டுமானால், ஊரிலும் அவர் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மடை அடைபட்டபோது

2008 ஜூலை 8 அன்று, அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாட்டை எதிர்த்து இடதுசாரிக் கட்சிகள் ஆதரவை விலக்கிக் கொண்டன. வாய்க்கால்காரர் மடையை அடைத்தார். ஜூலை 22 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு 275க்கு 256 என்ற கணக்கில் பிழைத்தது. சமாஜ்வாதி கட்சியின் ஆதரவு கைகொடுத்தது.

பங்காளிகள் பிரிந்தபின் பொதுத் திட்டம் என்ன ஆகும்? அது கட்சிகளுக்கு இடையிலான ஒப்பந்தம் மட்டுமே. நீதிமன்றத்தில் அதைக் காட்டி வழக்காட முடியாது. ஆனால் வேலை உறுதித் திட்டம் அதற்குள் சட்டமாகிவிட்டிருந்தது. அதைக் கோரிப் போராடியவர்கள் வெளியேறிய பிறகும் சட்டம் நின்றது. சட்டத்தை மாற்றவோ நீக்கவோ வேண்டுமானால் நாடாளுமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வரப்பில் போட்ட அடையாளக் கல்லை இரவில் நகர்த்தி விடலாம். நில அளவைப் பதிவேட்டில் உள்ள எல்லையை அவ்வளவு எளிதில் நகர்த்த முடியாது. வெறும் வாக்குறுதிக்கும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

2014இலும் 2019இலும் ஒரே கட்சி தனிப் பெரும்பான்மை பெற்றது. 2024இல் பாரதிய ஜனதா 240 இடங்களே பெற்றதால், தெலுங்கு தேசம், ஐக்கிய ஜனதா தளம் போன்ற தோழமைக் கட்சிகளின் துணை மீண்டும் தேவைப்பட்டது. கூட்டுக் கிணற்றுக் காலம் போய்விடவில்லை. எந்தக் கட்சிக்கு வாக்களித்தவராயினும் விவசாயிகள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

1. தேர்தல் முடிவுக்கும் பொதுத் திட்டம் எழுதப்படுவதற்கும் இடையே உள்ள காலம் மிகக் குறைவு. 2004இல் அது இரண்டே வாரம். முடிவு வந்தபின் மனு எழுதத் தொடங்கினால் பருவம் தவறிய விதைப்பு ஆகும். விவசாயிகள் சங்கங்கள் தங்கள் கோரிக்கையைத் தேர்தலுக்கு முன்பே எழுதித் தயாராக வைத்து, வெற்றி பெற்ற உறுப்பினரிடம் முதல் வாரத்திலேயே கொடுக்க வேண்டும்.

2. கோரிக்கையில் எண்ணும் காலமும் இருக்க வேண்டும். 'விலையை உயர்த்துக' என்பதை விட, குவிண்டாலுக்கு எவ்வளவு, எந்தப் பருவத்திலிருந்து என்று எழுதுவது மேல். 'கொள்முதலைச் சீராக்குக' என்பதை விட, எந்த ஊரில் எந்தத் தேதிக்குள் கொள்முதல் நிலையம் திறக்க வேண்டும் என்று எழுதுவது மேல்.

3. அரசு வெளியிடும் அறிவிப்பைப் படிக்கும்போது எண்ணும் தேதியும் உள்ள வரிகளை அடிக்கோடிட்டு வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, கிராம சபை கூடும் நாளிலாவது, அவை நிறைவேறினவா என்று கேட்கலாம். தீர்மானமாகவும் எழுதலாம்.

4. வேளாண்மை, ஊரக வளர்ச்சி, உணவு, நீர்வளம் ஆகிய துறைகள் எந்தக் கட்சியின் கையில் உள்ளன என்று தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும். வெளியிலிருந்து ஆதரவு தரும் கட்சிக்கும் மனுவின் ஒரு படியை அனுப்புவது நல்லது.

5. தம் வீட்டுத் தாள்களைச் சரிபார்க்க வேண்டும். பட்டா, சிட்டா, நடப்புப் பருவத்தின் அடங்கல், கூட்டுறவுச் சங்க உறுப்பினர் எண், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றில் பெயரும் பரப்பும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். தந்தை காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருந்தால் உடனே மாற்றக் கோரி மனு செய்ய வேண்டும்.

6. குத்தகைக்குப் பயிரிடுவோர் நில உடைமையாளரிடம் பேசி எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து கொள்ள முயல வேண்டும். அது இயலாதபோது கூட்டுப் பொறுப்புக் குழுவில் சேர்ந்து கடன் பெறும் வழியைக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ விசாரிக்கலாம்.

வாக்குச் சாவடியில் விரலில் வைக்கும் மை சில வாரங்களில் அழிந்துவிடும். அதன்பின் டெல்லியில் தாளில் எழுதும் மை ஐந்து ஆண்டு பேசும். அந்தத் தாளில் நெல்லுக்கும், கரும்புக்கும், கடலைக்கும் உரிய வரி அளவோடு எழுதப்பட்டுள்ளதா என்று பார்ப்பது, கிணற்றுப் பத்திரத்தில் தன் முறை நாளைப் பார்ப்பது போன்றதே. முறை நாள் தெரிந்தவன்தான் வாய்க்காலடிக்கு மண்வெட்டியோடு நேரத்தில் போய் நிற்பான்.